'பெஸ்ட்', 'டாப்', 'ஃபர்ஸ்ட் கிளாஸ்': உச்சத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களில் எதை எங்கே எழுதுவது?

தி.நகர் உஸ்மான் சாலையில் பலகைகளைப் பார்த்தபடி ஒரு நடை நடந்து வந்தால், சென்னையில் இரண்டாம் இடத்தில் இருப்பவர் யாருமே இல்லையோ என்று தோன்றும். நகைக்கடை 'நம்பர் ஒன்', பக்கத்துத் துணிக்கடை 'தி பெஸ்ட்', மாடியில் இருக்கும் கோச்சிங் சென்டர் 'டாப்மோஸ்ட்'. ஓ.எம்.ஆர். பக்கம் போனால் எல்லா நிறுவனமும் 'லீடிங்', எல்லா அடுக்குமாடிக் குடியிருப்பும் 'வேர்ல்ட்-கிளாஸ்'. கல்லூரி விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு 'பிரீமியர்' இல்லாமல் பேனா நகராது.

அகராதியைத் திறந்தால் இவை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்தான் போட்டிருக்கும்: மிகச் சிறந்த. அதை நம்பி பயோடேட்டாவிலும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் எஸ்.ஓ.பி. என்ற நோக்கக் கடிதத்திலும், கடை பிரோஷரிலும் கைக்கு முதலில் அகப்பட்ட சொல்லைப் போட்டுவிடுகிறோம். ஆனால் இவை ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்கள் அல்ல. சில சொற்களுக்குச் சான்று வேண்டும். சிலவற்றுக்கு எல்லை வேண்டும். சில, உச்சம் போல ஒலித்தாலும் மூன்றாம் இடத்தைத்தான் குறிக்கும். எதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: வரிசையைச் சொல்கிறீர்களா, தரத்தைச் சொல்கிறீர்களா?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். நம்பர் ஒன், டாப்-ராங்க்டு, ஹையஸ்ட், சாம்பியன் போன்றவை வரிசைச் சொற்கள். யாரோ ஒருவர் அளந்து, எண்ணி, பட்டியல் போட்டிருந்தால்தான் இவற்றுக்கு அர்த்தம் உண்டு. எக்ஸலன்ட், ஃபர்ஸ்ட்-ரேட், டாப்-நாட்ச் போன்றவை தரச் சொற்கள். பயன்படுத்திப் பார்த்தவரின் தீர்ப்பு அது, பட்டியல் தேவையில்லை. ஒரே தெருவில் மூன்று ஃபர்ஸ்ட்-ரேட் ஓட்டல்கள் இருக்கலாம், மூன்று நம்பர் ஒன் ஓட்டல்கள் இருக்க முடியாது. 'பெஸ்ட்' மட்டும் இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிறது. தகராறும் அதில்தான் அதிகம்.

வரிசைச் சொற்களுக்குள்ளேயே இருக்கும் வேறுபாட்டைப் புரிந்துகொள்ளச் சதுரங்கத்தைவிட நல்ல உதாரணம் சென்னைக்காரருக்குக் கிடைக்காது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று குகேஷ் 18 வயதில் 'வேர்ல்ட் சாம்பியன்' ஆனார். அப்போது அவரை 'வேர்ல்ட் நம்பர் ஒன்' என்று எழுதியவர்கள் உண்டு, அது தவறு. ரேட்டிங் பட்டியலில் 2011 ஜூலையில் பிடித்த முதலிடத்தை மாக்னஸ் கார்ல்சன் அப்போதும் விடவில்லை. சாம்பியன் என்பது ஒரு போட்டியில் வென்று பெறும் பட்டம். நம்பர் ஒன் என்பது பல ஆட்டங்களின் கணக்கில் கிடைக்கும் இடம். இரண்டும் உச்சிதான், ஆனால் வேறு வேறு உச்சி.

இன்னொரு சொல்லும் இங்கே உண்டு: 'டாப் சீட்'. போட்டி தொடங்கும் முன்பே, ரேட்டிங்கை வைத்துக் கொடுக்கும் இடம் அது. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாடில் பொதுப் பிரிவின் டாப் சீட் அமெரிக்கா. தங்கம் வாங்கியது உஸ்பெகிஸ்தான். பெண்கள் பிரிவில் டாப் சீட் இந்தியாவின் முதல் அணி, கிடைத்தது வெண்கலம். ஆகவே டாப் சீட் என்பது எதிர்பார்ப்பைச் சொல்கிறது, முடிவைச் சொல்வதில்லை. 'எங்கள் பள்ளி அணி டாப் சீட் ஆக இருந்தது' என்று விளையாட்டு விழா மலரில் எழுதினால், வென்றோம் என்று அர்த்தம் ஆகாது.

பட்டியல் இருக்கிறது என்றால் அதன் பெயரையும் ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள். சென்னை ஐ.ஐ.டி., மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். பொறியியல் பட்டியலில், 2016-இல் அந்தப் பட்டியல் தொடங்கியதிலிருந்து ஆண்டுதோறும் முதலிடம் வாங்கியிருக்கிறது. ஆகவே 'டாப்-ராங்க்டு இன் இந்தியா' என்று தாராளமாக எழுதலாம். அதே நிறுவனம் க்யூ.எஸ். என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலின் 2026 பதிப்பில் 180ஆவது இடத்தில் இருக்கிறது. எந்தப் பட்டியல் என்று சொல்லாமல் 'டாப்-ராங்க்டு' என்று மட்டும் எழுதினால், ஜெர்மனியில் இருந்து படிப்பவருக்கு அது பாதி வாக்கியம்தான்.

பட்டியலே இல்லையா? அப்படியானால் வரிசைச் சொல்லைத் தொடாதீர்கள். தரச் சொல்லுக்குப் போங்கள்.

படி 2: எல்லையைப் போடுங்கள்

எந்த இடத்துக்குள், எந்தக் காலத்துக்குள், எவற்றுக்கு நடுவே என்று சொல்லாத 'பெஸ்ட்' காற்றில் தொங்கும். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 1959-இல் திறக்கப்பட்டபோது இந்தியாவிலேயே உயரமானது. 'தி டாலஸ்ட் பில்டிங் இன் இந்தியா' என்பது அன்றைக்கு உண்மை. இன்று அதையே எழுத வேண்டுமானால் 'வென் இட் ஓபன்ட் இன் 1959' என்று ஒரு வால் சேர்க்க வேண்டும். அந்த வால் சேர்ந்தால் பெருமை குறைவதில்லை, நம்பகம்தான் கூடும்.

(கட்டடத்துக்கு 'டாலஸ்ட்'. மலைக்கு, மதிப்பெண்ணுக்கு, பதவிக்கு 'ஹையஸ்ட்'. 'ஹையஸ்ட் பில்டிங்' என்று எழுதினால் மலை உச்சியில் கட்டிய கட்டடமோ என்று நினைக்க இடம் உண்டு.)

எல்லையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் சொல் 'பெஸ்ட்-இன்-கிளாஸ்'. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் உலகத்தில் புழங்குகிறவர்களுக்கு இது பழகிய சொல். 'பெஸ்ட்-இன்-கிளாஸ் பூட் ஸ்பேஸ்' என்றால், இதே அளவு, இதே விலை வரிசையில் இருக்கும் மற்ற கார்களைவிட இதன் டிக்கியில் இடம் அதிகம் என்று பொருள். உலகத்தில் உள்ள எல்லாக் கார்களையும் விட என்று பொருள் இல்லை. 'கிளாஸ்' எது என்பது படிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஒரு பல் மருத்துவமனை 'பெஸ்ட்-இன்-கிளாஸ் டென்டல் கேர்' என்று எழுதும்போது எந்த கிளாஸ் என்று கேட்டால் பதில் வராது.

'வேர்ல்ட்-கிளாஸ்' அதற்கு நேர் எதிர். உலகத்தின் சிறந்தவற்றோடு ஒரே பந்தியில் உட்காரத் தகுந்தது என்பது அதன் பொருள். உலகத்திலேயே முதலாவது என்று அது சொல்லவில்லை. நியாயமான சொல்தான். ஆனால் பேருந்து நிறுத்தம் முதல் நீச்சல்குளம் வரை எல்லாவற்றுக்கும் ஒட்டி ஒட்டி அதன் பசை போய்விட்டது. தவிர்க்க முடிந்தால் தவிர்க்கவும் என்பது என் கருத்து.

இலக்கணத்தில் ஒரு சின்னக் கவனம்: இடத்துக்கு 'இன்', கூட்டத்துக்கு 'ஆஃப்'. 'தி பெஸ்ட் மெஸ் இன் மயிலாப்பூர்', 'தி பெஸ்ட் ஆஃப் தி த்ரீ'. 'பெஸ்ட் ஆஃப் சென்னை' என்பது தவறில்லை, ஆனால் அங்கே பொருள் மாறுகிறது: சென்னையில் உள்ளவற்றில் பொறுக்கி எடுத்த நல்லவை. பத்திரிகைத் தலைப்புக்குப் பொருந்தும், கடைப் பலகைக்குப் பொருந்தாது.

படி 3: சொல் ஏற்கெனவே யாருடைய முத்திரையாவது ஆகியிருக்கிறதா?

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். உச்சத்தைக் குறிக்கப் பிறந்த பல சொற்களை ஏதோ ஒரு துறை எடுத்துத் தன் படிநிலைக்குப் பெயராக வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தத் துறைக்குள் அந்தச் சொல்லுக்கு அகராதிப் பொருள் செல்லாது.

'ஃபர்ஸ்ட் கிளாஸ்' எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் 60 சதவீதம் வாங்கினாலே ஃபர்ஸ்ட் கிளாஸ். அதற்கு மேலே 'ஃபர்ஸ்ட் கிளாஸ் வித் டிஸ்டிங்ஷன்' என்று ஒன்று தனியாக இருக்கிறது. பிரிட்டனில் 'ஃபர்ஸ்ட்-கிளாஸ் ஆனர்ஸ்' என்பது உச்சம், பொதுவாக 70-க்கு மேல். அங்கே மதிப்பெண்ணும் கையை இறுக்கிப் போடுவார்கள். 62 சதவீதம் வாங்கியவர் 'ஐ செக்யூர்டு ஃபர்ஸ்ட் கிளாஸ்' என்று லண்டனுக்கு எழுதினால், பொய் சொல்லவில்லை. ஆனால் படிப்பவர் வேறொன்றைப் புரிந்துகொள்வார், மதிப்பெண் பட்டியலைப் பார்த்ததும் முகம் சுளிப்பார். சதவீதத்தையோ சி.ஜி.பி.ஏ.வையோ பக்கத்திலேயே எழுதிவிட்டால் இந்த வம்பே இல்லை.

கிரிக்கெட்டில் 'ஃபர்ஸ்ட்-கிளாஸ்' என்பது பாராட்டே கிடையாது. மூன்று நாளோ அதற்கு மேலோ நடத்தத் திட்டமிட்டு, அந்தத் தகுதி அளிக்கப்பட்ட ஆட்டம் என்பதுதான் பொருள். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் மதராஸுக்கும் மைசூருக்கும் நடந்து ஒரே நாளில் முடிந்துபோனது. ஆனாலும் அது ஃபர்ஸ்ட்-கிளாஸ் ஆட்டம்தான். 'ஹி இஸ் எ ஃபர்ஸ்ட்-கிளாஸ் கிரிக்கெட்டர்' என்ற வாக்கியத்துக்கு அதனால் இரண்டு பொருள். தரத்தைத்தான் சொல்கிறீர்கள் என்றால் 'ஃபைன்' என்றோ 'அவுட்ஸ்டாண்டிங்' என்றோ மாற்றிவிடுங்கள்.

கால்பந்தில் இன்னும் வேடிக்கை. இங்கிலாந்தில் 'ஃபர்ஸ்ட் டிவிஷன்' உச்சமாக இருந்தது. 1992-இல் 'பிரீமியர் லீக்' வந்ததும் அந்தப் பெயர் இரண்டாம் அடுக்குக்கு இறங்கியது. இன்று அங்கே 'லீக் ஒன்' என்றால் மூன்றாம் அடுக்கு. சென்னை கிரிக்கெட் லீக்கிலோ ஃபர்ஸ்ட் டிவிஷன்தான் உச்சம். வெளிநாட்டு விண்ணப்பத்தில் 'பிளேய்டு இன் தி ஃபர்ஸ்ட் டிவிஷன்' என்று எழுதினால், 'தி டாப் டியர் ஆஃப் சென்னைஸ் லீக்' என்று ஒரு விளக்கம் சேர்ப்பது நல்லது.

ரயிலில் 'சூப்பர்ஃபாஸ்ட்' என்றால் சராசரி வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர் தொட்டால் போதும். விரைவுப் பேருந்தில் 'அல்ட்ரா டீலக்ஸ்' என்பது ஒரு வகைப் பெயர், மாநகரப் பேருந்தில் 'டீலக்ஸ்' என்பது ஒரு கட்டண வகை. சொகுசைப் பற்றி இரண்டும் எந்த வாக்குறுதியும் தருவதில்லை. ஓட்டல்களுக்குச் சுற்றுலா அமைச்சகத்தின் தர வரிசையில் உச்சி 'ஃபைவ் ஸ்டார் டீலக்ஸ்'. 'செவன் ஸ்டார்' என்பது விளம்பரக்காரர் கற்பனை. கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பான 'நாக்' (என்.ஏ.ஏ.சி.) வழங்கிவந்த குறியீடுகளில் 'ஏ பிளஸ் பிளஸ்' முதலாவது, 'ஏ பிளஸ்' இரண்டாவது. வெறும் 'ஏ' மூன்றாவது. 'ஏ கிரேடு காலேஜ்' என்ற பெரிய எழுத்து விளம்பரத்தை இனி அதற்கேற்பப் படியுங்கள்.

பதவிப் பெயர்களும் இப்படித்தான். 'சீஃப்', 'ஹெட்', 'பிரின்சிபல்' மூன்றுக்கும் தலைமை என்றே பொருள் சொல்லலாம். ஆனால் கோட்டையில் தலைமைச் செயலர், அதாவது 'சீஃப் செகரட்டரி', ஒருவர்தான். அவருக்குக் கீழே 'அடிஷனல் சீஃப் செகரட்டரி'கள், அதற்கும் கீழேதான் 'பிரின்சிபல் செகரட்டரி'கள். பள்ளியிலோ பிரின்சிபலுக்கு மேலே நிர்வாகம்தான். உயர் நீதிமன்றத்தில் 'பிரின்சிபல் சீட்' சென்னை, கிளை மதுரை. காவல் துறையில் 'ஹெட் கான்ஸ்டபிள்' யாருக்குத் தலை என்று அவருக்கே தெரியும். ஐ.டி. கம்பெனியில் 'பிரின்சிபல் இன்ஜினியர்', 'லீட்', 'ஸ்டாஃப் இன்ஜினியர்' ஆகியவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே பயோடேட்டாவில் பதவிப் பெயரோடு நிறுத்தாமல், எத்தனை பேர் கொண்ட குழுவை நடத்தினீர்கள் என்று ஒரு வரி போடுங்கள்.

முத்திரைச் சொற்களில் எனக்குப் பிடித்தது 'ஏ ஒன்'. நம்மூரில் மாம்பழம் முதல் மாப்பிள்ளை வரை எல்லாம் ஏ ஒன். அது கப்பலில் வந்த சொல். லாயிட்ஸ் ரெஜிஸ்டர் என்ற பதிவேட்டில் கப்பலின் உடல் நிலைக்கு எழுத்தும், நங்கூரம், கயிறு முதலிய சாமான்களுக்கு எண்ணும் போடுவார்கள். இரண்டிலும் உச்சம் என்றால் 'ஏ 1'. 'ஃபர்ஸ்ட்-ரேட்' என்பதும் கடலில் இருந்துதான்: பிரிட்டிஷ் கடற்படை தன் போர்க்கப்பல்களை ஆறு தரமாகப் பிரித்தபோது, நூறு பீரங்கிகளும் அதற்கு மேலும் தாங்கியவை முதல் தரம். 'செகண்ட்-ரேட்' என்பதும் அன்றைக்குப் பயங்கரமான கப்பல்தான். இன்றைக்கு அது மட்டமானது என்ற வசவு. ஆக, யாரையும் மெச்சும் நோக்கத்தில்கூட 'செகண்ட்-ரேட்' என்று எழுதிவிடாதீர்கள். 'ஏ ஒன்' பேச்சுக்குச் சரி. அலுவலகக் கடிதத்தில் கொஞ்சம் பழைய வாசனை அடிக்கும். நிதித் துறையில் அதுவும் உச்சம் இல்லை: குறுகிய காலக் கடன் தரமதிப்பீட்டில் 'ஏ1 பிளஸ்' அதற்கு மேலே இருக்கிறது.

படி 4: எந்த வகையில் சிறந்தது?

நல்லது என்று பொதுவாகச் சொல்வதைவிட, எதனால் நல்லது என்று சொல்லும் சொல் கிடைத்தால் அதை எடுங்கள். 

புதுத் தொழில்நுட்பம் என்றால் 'ஸ்டேட்-ஆஃப்-தி-ஆர்ட்'. இன்றைய தேதியில் அந்தத் துறை எட்டியிருக்கும் நிலை என்பது அதன் பொருள். எம்.ஆர்.ஐ. கருவிக்குப் பொருந்தும், மூன்று தலைமுறையாக விறகடுப்பில் சமைக்கும் மெஸ்ஸுக்குப் பொருந்தாது, அந்த மெஸ்ஸின் பெருமையே வேறு. கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்த உலகத்தில் 'ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்' என்றால் ஏற்கெனவே உலகத்துக்குத் தெரிந்தவை. உங்கள் கண்டுபிடிப்பு அதைத் தாண்டியிருக்க வேண்டும். அதுவே 'ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்' என்று எழுதினால் உங்கள் வழக்கை நீங்களே கெடுத்துக்கொள்வீர்கள். 'கட்டிங்-எட்ஜ்' இன்னும் ஒரு படி முன்னே, ஆய்வின் விளிம்பில் இருப்பது. அது இன்னும் முழுதாக நிலைபெறாததாகவும் இருக்கலாம்.

விலை என்றால் 'ஹை-எண்ட்', 'பிரீமியம்'. தரத்தைவிட விலை வரிசையைத்தான் இவை முதலில் காட்டும். ஒரு நிறுவனம் விற்கும் மாடல்களில் உச்ச மாடல் என்றால் 'டாப்-ஆஃப்-தி-லைன்'. இங்கே லைன் என்பது அந்த நிறுவனத்தின் சரக்கு வரிசை. ஒரு சுமாரான கம்பெனிக்கும் டாப்-ஆஃப்-தி-லைன் மிக்ஸி உண்டு. சேவைக்கு, ஆளுக்கு இது ஒத்துவராது. 'டாப்-ஆஃப்-தி-லைன் டாக்டர்' என்றால் மருத்துவரை ஷோரூமில் நிறுத்தியது போல இருக்கும். 'டாப்-ஷெல்ஃப்' என்ற சொல்லை இனிப்புப் பெட்டியில் போட நினைப்பவர்கள் யோசிக்கவும்: மதுக்கடையின் மேல் தட்டில் வைக்கும் விலை உயர்ந்த பாட்டில்கள் நினைவுக்கு வரும், பிரிட்டனிலோ குழந்தைகளுக்கு எட்டாத தட்டில் வைக்கும் பத்திரிகைகள்.

வேலை சுத்தம் என்றால் 'டாப்-நாட்ச்'. சகஜமான சொல். பிளம்பருக்கு, கேட்டரிங்காரருக்கு, செயலிக்கு கூகுளில் விமர்சனம் எழுதும்போது நன்றாக இருக்கும். நீதிபதியின் தீர்ப்பைப் பற்றி எழுதும்போது 'ஃபர்ஸ்ட்-ரேட்' கொஞ்சம் மரியாதை.

நுட்பம், பக்குவம் என்றால் 'ஃபைனஸ்ட்'. பட்டுக்கும், வீணைக்கும், தஞ்சாவூர் ஓவியத்துக்கும் பொருந்தும் அழகான சொல். காபித்தூளுக்கு மட்டும் வேண்டாம். 'ஃபைனஸ்ட் காபி பவுடர்' என்றால் மிகச் சிறந்த தூள் என்றும் கொள்ளலாம், மிகப் பொடியாக அரைத்த தூள் என்றும் கொள்ளலாம். ரொம்பப் பொடியாக இருந்தால் ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்காது என்பது மாம்பலத்தில் குழந்தைக்கும் தெரியும். 'காபி பவுடர் ஃப்ரம் தி ஃபைனஸ்ட் பீன்ஸ்' என்று கொட்டைக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

'டாப்மோஸ்ட்', 'அட்மோஸ்ட்' இரண்டையும் குழப்பிக்கொள்வது நம்மிடம் சகஜம். டாப்மோஸ்ட் பெரும்பாலும் இடத்தைச் சொல்வது: மேல் தட்டு, மேல் கிளை, கடைசி மாடி. அட்மோஸ்ட் அளவைச் சொல்வது, அதுவும் மனம் சம்பந்தப்பட்டவற்றின் அளவு: அக்கறை, மரியாதை, முக்கியத்துவம், அவசரம். எல்.ஐ.சி. கட்டடத்தின் கடைசி மாடி 'டாப்மோஸ்ட் ஃப்ளோர்'. உள்ளே போடும் பாலிசியின் சட்ட அடிப்படை 'அட்மோஸ்ட் குட் ஃபெய்த்', அதாவது எதையும் மறைக்காத முழு நேர்மை. 'டாப்மோஸ்ட் கேர்' என்றும் 'அட்மோஸ்ட் ஃப்ளோர்' என்றும் எழுத முடியாது. முன்னுரிமைக்கு 'டாப் பிரயாரிட்டி' என்று சுருக்கமாகச் சொன்னாலே போதும், 'மோஸ்ட்' வேண்டாம்.

'பிரீமியர்', 'பிரீமியம்', 'பிரீமியர் ஷோ': காதுக்கு ஒன்று போலக் கேட்பதால் எழுத்தில் தகராறு. முதன்மையான நிறுவனத்துக்கு வரும் பிரீமியரில், கடைசி எழுத்து 'ஆர்'. படத்தின் முதல் காட்சிக்கு வருவதில் அதற்குப் பின்னால் ஓர் 'இ' உண்டு. அந்த 'இ' தவறிப் போய் ஒட்டிக்கொண்டால் உங்கள் கல்லூரி வெள்ளிக்கிழமை ரிலீஸ் ஆகும் படமாகிவிடும்.

கோடம்பாக்கத்துக்கு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடலாம். சூப்பர் ஸ்டார், சுப்ரீம் ஸ்டார், அல்டிமேட் ஸ்டார் என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பட்டங்களை அடுக்கியவர்கள் நாம். ஆங்கிலத்தில் 'சுப்ரீம்' அதிகாரத்தைச் சேர்ந்தது. அதற்கு மேல் முறையீடு கிடையாது, உச்ச நீதிமன்றம் போல. 'அல்டிமேட்' என்பது கடைசி என்ற பொருளையும் சுமப்பது: 'அல்டிமேட் டிசிஷன்' என்றால் மிகச் சிறந்த முடிவு இல்லை, இறுதி முடிவு. 'பெனல்டிமேட்' என்றால் அல்டிமேட்டுக்கும் மேலே என்று நினைத்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் பொருள் கடைசிக்கு முந்தையது.

படி 5: ஆளைப் பற்றி எழுதும்போது

மனிதர்களுக்கு 'பெஸ்ட்' முரட்டுத்தனமான சொல். மார்கழியில் சபாவில் அறிமுக உரை எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பக்கத்தில் இன்னொரு வித்வான் உட்கார்ந்திருக்கும்போது 'தி பெஸ்ட் வோகலிஸ்ட்' என்று எழுதினால் காபி நேரத்தில் பேச்சு வாங்க வேண்டிவரும். 'லீடிங்' பாதுகாப்பானது, முன்னணியில் பலர் இருக்கலாம். 'ஃபோர்மோஸ்ட்' அதைவிட ஒரு படி மேலே, துறையே ஒப்புக்கொண்டவர். 'ஒன் ஆஃப் தி ஃபோர்மோஸ்ட்' என்று சேர்த்தால் யாருக்கும் மனக்குறை வராது. 'எமினென்ட்' மதிப்பைச் சொல்லும், 'ப்ரீஎமினென்ட்' மற்ற எல்லாரையும் விட மேலே என்று சொல்லும், ஆகவே அளந்து போடவும். வயதிலும் மதிப்பிலும் மூத்தவருக்கு 'டோயன்'. முப்பது வயதுக் கலைஞரை டோயன் என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அவருக்குமே சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

பரிந்துரைக் கடிதத்தில் அடைமொழியைவிட எல்லைதான் பேசும். 'ஷி இஸ் ஆன் எக்ஸலன்ட், அவுட்ஸ்டாண்டிங், டாப்-நாட்ச் ஸ்டூடன்ட்' என்று மூன்று சொல் அடுக்குவதைவிட, 'கடந்த பத்து ஆண்டுகளில் நான் சொல்லிக்கொடுத்தவர்களில் முதல் ஐந்து சதவீதத்தில் இருப்பவர்' என்ற ஒரு வாக்கியம் அமெரிக்கப் பேராசிரியரிடம் அதிகம் எடுபடும். உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

படி 6: படிப்பவர் எந்த ஊர்க்காரர்?

'டாப்பர்', 'சென்டம்', 'ஸ்டேட் ஃபர்ஸ்ட்', 'ராங்க் ஹோல்டர்' எல்லாம் நமக்குத் தாய்மொழி மாதிரி. கடல் தாண்டினால் 'டாப்பர்' என்பது மெத்தைமேல் விரிக்கும் இன்னொரு மெத்தை, 'சென்டம்' யாருக்கும் விளங்காது. 'ராங்க்டு ஃபர்ஸ்ட் இன் எ கிளாஸ் ஆஃப் 60', 'ஸ்கோர்டு 100 அவுட் ஆஃப் 100' என்று விரித்து எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2017 முதல் பொதுத்தேர்வு முடிவுகளோடு மாநில ரேங்க் அறிவிப்பது நின்றுபோய்விட்டது. அதற்குப் பிறகு பிளஸ் டூ முடித்தவர் 'ஸ்டேட் ராங்க்' என்று எழுதினால் கேள்வி வரும்.

படி 7: இலக்கணத்தில் கண் வைக்க வேண்டிய இடங்கள்

'ஒன் ஆஃப் தி பெஸ்ட்' என்று வந்தால் பின்னால் பன்மைதான்: ஹாஸ்பிடல்ஸ், ஹாஸ்பிடல் இல்லை. சென்னை விளம்பரங்களில் அதிகம் விடுபடும் ஓர் எழுத்து அந்த 'எஸ்'. 'சுபீரியர்' வந்தால் 'தேன்' கூடாது, 'டு'தான். 'மோஸ்ட் பெஸ்ட்', 'மோர் சுபீரியர்' கிடையவே கிடையாது. 'வெரி யூனிக்' என்பதைப் பல ஆசிரியர்கள் அடித்துவிடுவார்கள். ஆனால் 'தி வெரி பெஸ்ட்' சரியான ஆங்கிலம்.

ஆபத்தான ஒன்று 'அட் பெஸ்ட்'. 'அவர் சர்வீஸ் இஸ் அட் பெஸ்ட்' என்று வேன்களில் எழுதியிருப்பார்கள். அந்தத் தொடருக்கு, ரொம்பப் போனால் இவ்வளவுதான் தேறும் என்று பொருள். நடுவில் 'இட்ஸ்' சேர்த்து 'அட் இட்ஸ் பெஸ்ட்' என்று எழுதினால்தான் பாராட்டு.

படி 8: காசு வாங்கும் இடத்தில் சட்டத்தையும் பாருங்கள்

விளம்பரமாக அச்சாகப் போகிறது என்றால் இன்னொரு வடிகட்டல் உண்டு. 1985-இல் தொடங்கிய இந்திய விளம்பரத் தர கவுன்சிலின் விதிகளில், யாரும் அப்படியே நம்பிவிடாத வெளிப்படையான மிகைப்படுத்தலுக்கு இடம் இருக்கிறது. ஆனால் 'நம்பர் ஒன்' போன்ற அளந்து பார்க்கக்கூடிய உரிமைகோரலுக்கு ஆதாரம் வேண்டும். ஆய்வை ஆதாரமாகக் காட்டினால் எங்கே, எப்போது வந்தது என்பதையும் போட வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. கோச்சிங் நிறுவனங்களுக்கென்று 2024 நவம்பரில் தனி வழிகாட்டு நெறிகளே வந்துவிட்டன. பஸ் பின்னால் ஒட்டும் 'நம்பர் ஒன் நீட் கோச்சிங்' இப்போது வெறும் அலங்காரம் இல்லை.

சரி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பிரோஷர் வரியில் செய்து பார்ப்போம். வேளச்சேரியில் ஒரு கண் மருத்துவமனை என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வந்தபடி எழுதினால் இப்படி இருக்கும்: 'வி ஆர் சென்னைஸ் நம்பர் ஒன் அண்ட் டாப்மோஸ்ட் வேர்ல்ட்-கிளாஸ் ஐ ஹாஸ்பிடல் வித் அல்டிமேட் டாக்டர்ஸ் அண்ட் பெஸ்ட்-இன்-கிளாஸ் கேர்.'

நம்பர் ஒன்னுக்குப் பட்டியல் இல்லை, போகட்டும். டாப்மோஸ்ட் மாடியைச் சொல்வது, அதுவும் போகட்டும். வேர்ல்ட்-கிளாஸ் தேய்ந்த சொல். அல்டிமேட் டாக்டர் என்றால் கடைசி மருத்துவர் என்று யாராவது படித்துவிட்டால் வேறு வினையே வேண்டாம். கேருக்கு எந்த கிளாஸ் என்று தெரியவில்லை. மிஞ்சியது என்ன? புதிதாக வாங்கிய லேசர் கருவி இருக்கிறது: அதற்கு 'ஸ்டேட்-ஆஃப்-தி-ஆர்ட்' பொருந்தும், வாங்கிய ஆண்டையும் போடலாம். மருத்துவர்கள் அனுபவசாலிகள்: ஆண்டுக் கணக்கை எழுதலாம். நோயாளிகளிடம் பொறுமையாகப் பேசுகிறார்கள்: 'அட்மோஸ்ட் கேர்'. அப்புறம், வேளச்சேரியில் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் கண் மருத்துவமனை இது ஒன்றுதான் என்று விசாரித்து உறுதி செய்ய முடிந்தால், 'தி ஒன்லி' என்று தொடங்கி அதை முதல் வரியில் வையுங்கள். 'பெஸ்ட்' என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் தேவைப்படாது.